ஆடு மிரளாத சத்தம்

காவலூருக்கு மேலே ஒரு சின்ன ஊரில் இருக்கும் கல்பனா, ஆடு மாடுகளுக்கு முதலுதவி செய்யப் பயிற்சி எடுத்தவர். மலையில் எல்லா வீட்டுக்கும் நடந்துபோய்ச் சேர முடியாது என்பதால், இரண்டு வருஷமாக ஃபோனில் வீடியோ எடுத்துப் போடுகிறார். குடற்புழு மருந்து எப்படி ஊற்றுவது, பிறந்த குட்டிக்குத் தொப்புள்கொடியை எப்படிச் சுத்தம் செய்வது, இப்படி. எதுவும் ஐந்து நிமிஷத்தைத் தாண்டாது.

போன ஆடி மாதம் அடுத்த ஊர் சடையன் கூப்பிட்டார். பன்னிரண்டு ஆடு வைத்திருப்பவர்.

"உன் வீடியோவப் பாத்துக்கினே மருந்து ஊத்துனேம்மா. பாதியில ஆடு கயித்த அறுத்துக்கினு ஓடிப்போச்சு."

"இன்னாங்கண்ணா, தலைய ரொம்பத் தூக்கிட்டீங்களா?"

"அதெல்லாம் நீ சொன்னாப்லதான் புடிச்சேன். நீ பேசறது காதுல வுழல, சத்தத்த ஃபுல்லா வச்சேன். நடுவுல மேளம் அடிச்சுது பாரு, நானே பயந்துட்டேன்."

"பாதி உள்ள போயிருக்கும், இன்னிக்கு மறுபடி ஊத்தாதீங்க. மாட்டு டாக்டரக் கேட்டுச் சொல்றேன்" என்றார் கல்பனா.

டாக்டரிடம் பேசி முடித்ததும் அந்த வீடியோவை முழுச் சத்தத்தில் ஓடவிட்டார். நடுவில் அவரே சேர்த்திருந்த மேள இசை வந்தபோது, கொல்லையிலிருந்து வந்த கணவர் சக்திவேல் வாசலிலேயே நின்றுவிட்டார். "யார் வூட்டுக் கல்யாணம்?"

வீடியோ ஏறும் தளமே சத்தத்தைச் சரிசெய்துவிடும் என்றுதான் கல்பனா நினைத்திருந்தார். தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. மொத்த வீடியோவும் சத்தமாக இருந்தால் தளம் குறைக்கும். மெதுவாக இருந்தால் கூட்டாது. உள்ளே குரலுக்கும் மேளத்துக்கும் இருக்கும் வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

எடிட் செய்யும் ஆப்பில் சத்தத்தைச் சமன் செய்ய ஒரு பட்டன் இருந்தது. மேளத்தை எடுத்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் மாறவில்லை. சத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டையே இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஓரிடம் கண்ணில் பட்டது. ஆடு ஒன்று ஃபோனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தியிருந்தது. அந்த ஒரு கத்தல் உச்சியைத் தொட்டதால், இனி கூட்ட இடமில்லை என்று ஆப் விட்டுவிட்டது. அவர் குரல் அடியிலேயே கிடந்தது.

ஆட்டின் கத்தலை மட்டும் தனியாகக் குறைத்தார். எடுத்த மேளத்தை மறுபடி சேர்த்து, பேச்சுக்கும் கீழே இறக்கி வைத்தார். பிறகு, காதுக்குக் கேட்கும் சராசரி அளவைப் பார்த்துச் சொல்லும் வேறொரு இலவச ஆப்பில் போட்டு, தளம் வைத்திருக்கும் அளவான மைனஸ் பதினாலுக்குக் கொண்டுவந்தார். பட்டியில் நின்று, சக்திவேலின் பழைய ஃபோனில் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. அன்று கல்பனா இரண்டு வாய் சோறு கூடவே சாப்பிட்டார்.

பழைய வீடியோ நாற்பத்தொன்று இருந்தது. மதியம் சமையல் முடிந்ததும் தினம் மூன்றாகச் சரிசெய்து ஏற்றினார்.

டாக்டர் சொன்ன நாளில், சரிசெய்த வீடியோவைப் பார்த்து மருந்தை ஊற்றிவிட்டு சடையன் மறுபடி கூப்பிட்டார். "ஆடு நின்னுச்சும்மா. செனை ஆடு ஒண்ணு கீது, அதுக்கும் இதையே ஊத்தலாமா?"

இரண்டு வாரமாகச் சத்தத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த கல்பனாவுக்கு ஆட்டைப் பற்றிய அந்தக் கேள்வி இனித்தது.

"எத்தினி மாசம்னு தொட்டுப் பாத்துதாங்கண்ணா சொல்லணும். கட்டி வைங்க, காலைல வர்றேன்."