அரிசி வாளிக்குள் இருந்த கத்தி

வசந்தமலர் முதன்முதலில் செய்த சவரக் கத்திப்பிடி பல்முரசு நிறத்தில், ஈறின் ரோஸ் நிறத்தில் இருந்தது. வேறென்ன நிறத்தில் இருக்கும்? அவள் வேலை பார்த்தது கட்டுப்பல் செய்யும் லாப்பில். கையில் அகப்பட்டது கட்டுப்பல் பிளாஸ்டிக். பழைய சாமான் சந்தையில் பிடி உடைந்த மடக்குக் கத்தி ஒன்றை, அலகின் பளபளப்பில் மயங்கி வாங்கி வந்திருந்தாள். ரோஸ் பிடியைப் பார்த்து அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா, "கத்தி பல்லைக் காட்டிச் சிரிக்குது" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அது எண்பத்தாறில்.

தொண்ணூற்று நாலில் யாரும் சிரிக்கவில்லை. லண்டன் நோர்பரியில் அவர்கள் வீட்டுப் பின்னறைக்கு எங்கெங்கோ இருந்து வெள்ளைக்காரர்கள் தங்கள் தகப்பன், பாட்டன் கத்திகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மடக்குக் கத்திக்குப் பிடி என்பது இரண்டு மெல்லிய தகடுகள், வால் பக்கத்தில் அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன ஆப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆப்பு மயிரிழை பிசகினாலும், மடக்கும்போது அலகு தகட்டில் உரசி மழுங்கிவிடும். வசந்தமலர் செய்த பிடிக்குள் அலகு எந்தப் பக்கமும் தொடாமல் நட்டநடுவில் போய்ப் படுக்கும். கொம்போ எலும்போ கருங்காலியோ, எதைக் கொடுத்தாலும் கட்டுப்பல்லை மினுக்குவதுபோல் மினுக்கிவிடுவாள். கெட்டிக்காரி, அதில் என்ன சந்தேகம்.

அந்த வருடம் மகள் பவதாரணிக்குக் கலியாணப் பேச்சு வந்தது. மோர்டனில் இருந்து தில்லையம்பலம் தன் மனைவியோடும் மகனோடும் ஒரு சனிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் ஸ்ரீஸ்கந்தராஜா பின்னறைக்குள் மனைவியிடம் வந்து நின்றார்.

"சவரக் கத்தி வேலை எண்டு தெரிஞ்சால் ஒருமாதிரிக் கதைப்பினம். உதெல்லாத்தையும் ஒளிச்சு வை."

ஊரில் சவரக் கத்தி பிடித்தவர்களை முற்றத்தோடு நிறுத்திவைத்த ஆட்கள், குரோய்டனில் விசாவுக்கு வரிசையில் நின்ற பிறகும் அந்தப் புத்தியை விடவில்லை. வெட்கக்கேடு. வசந்தமலருக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் மகளின் வாழ்க்கையாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு, அரத்தையும் சுத்தியலையும், பிடி போட்டு முடித்த ஒரு கத்தியையும் அரிசி வாளிக்குள் புதைத்தாள்.

வந்தவர்கள் உட்கார்ந்து, தில்லையம்பலம் முதல் வடையைக் கையில் எடுத்தபோது வாசல் மணி அடித்தது. ஸ்ரீஸ்கந்தராஜா போய்த் திறந்தார். பெல்லமி என்ற வயதான தபால்காரர் நின்றார். பிடி போடக் கொடுத்த கத்தியை வாங்க ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய மனிதர், பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் முந்தி வந்துவிட்டார். அவருடைய தகப்பனின் கத்திக்கு, தகப்பன் விளையாடி உடைந்துபோன ஸ்னூக்கர் கோலின் கருங்காலியில்தான் வசந்தமலர் பிடி செய்திருந்தாள். பிடி செய்யும் பெண்மணி இருக்கிறாரா என்று அவர் விசாரித்தது குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்த வசந்தமலருக்கும் கேட்டது.

அப்படி ஒருவரும் இந்த வீட்டில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, ஸ்ரீஸ்கந்தராஜா கதவைச் சாத்தினார்.

ஒருவரும் இல்லையாம். அரத்தை ஒளிக்கச் சொன்னதைப் பொறுத்துக்கொண்டாள். ஆளையே இல்லையென்றதை அவளால் பொறுக்க முடியவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டு அரிசிக்குள் முழங்கைவரை கையை விட்டுக் கத்தியை எடுத்தாள். சேலையில் இருந்து அரிசி உதிர உதிர, விருந்தாளிகளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து, தெருவில் போய்க்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு உள்ளே அழைத்து வந்தாள்.

பெல்லமி எல்லார் முன்னிலையிலும் கத்தியை விரித்தார், மடக்கினார். வெளிச்சத்தில் பிடித்து, அலகு நடுவில் கிடப்பதைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இது என் அப்பாவின் கோல்" என்று, ஏதோ சொந்தக்காரருக்குச் சொல்வதுபோல் தில்லையம்பலத்திடம் சொன்னார்.

"இந்தப் பிடி நான் செய்தது. உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லுங்கோ" என்றாள் வசந்தமலர்.

"பல் லாப்பில வேலை எண்டெல்லோ சொன்னவை" என்றார் தில்லையம்பலம்.

"ஓம், அதுவும் செய்யிறன்."

அடுத்த கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. மகனுக்கு விருப்பமாம், தங்களுக்கும் சம்மதமாம். பெண்ணின் அம்மா அந்தக் கத்தி வேலையை மட்டும் விட்டுவிட வேண்டுமாம். ஸ்ரீஸ்கந்தராஜா பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

"அது ஏலாது அண்ணை," என்றார் அவர். "அவவின்ர கைக்கு இந்த லண்டனிலை ஆள் இல்லை. நான்தான் அண்டைக்கு மடைத்தனமாக் கதைச்சுப்போட்டன்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்ன தில்லையம்பலம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பவதாரணி, எழுந்து போய்த் தகப்பனுக்குத் தேத்தண்ணி போட்டாள்.

சில நாள் கழித்து மறுபடி மணி அடித்தது. ஸ்ரீஸ்கந்தராஜா ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வந்தவன் வாயைத் திறக்குமுன்பே, ஆமாம், இந்த வீடுதான், பிடி செய்வது என் மனைவிதான், உள்ளே வாருங்கள் என்று தெருவுக்கே கேட்கிற ஆங்கிலத்தில் சொன்னார். வந்தவன் காஸ் மீட்டர் பார்க்க வந்தவன். மூன்று கத்திப்பிடிகளைப் பார்த்து முடித்த பிறகுதான் அவனால் மீட்டரைப் பார்க்க முடிந்தது.