அவர் திருப்பி விட்ட முறைத் தண்ணீர்

2005-ஆம் வருடம் என்று நினைக்கிறேன். தை மாதம். அப்போது நாங்கள் மஸ்கட்டில், ரூவியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஏ.சி. ரிப்பேர் செய்யும் கம்பெனியில் வேலை. பக்ரீத் லீவில் ஒரு திங்கட்கிழமை, நிஸ்வா பக்கம் ஒரு பழைய கோட்டையில் சந்தை போடுகிறார்கள் என்று பக்கத்து ஃபிளாட் அக்கா எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்காவுக்குத் தூத்துக்குடிப் பக்கம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். காரும் அவரே ஓட்டுவார், அரபியும் நன்றாகப் பேசுவார்.

கோட்டை என்றால் ராஜா கோட்டை இல்லை. ஏதோ ஒரு பெரிய குடும்பத்தின் பழைய மண் மாளிகை. மூலைக்கு ஒரு உருண்டைக் கோபுரம், பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் பேரீச்சந்தோப்பு. லீவு நாட்களில் வாசலைத் திறந்து சந்தை போட விடுவார்களாம். ஆட்டுக்காரர்கள் வட்டமாக ஆட்டை நடத்திக்கொண்டே விலை கூவினார்கள். என் வீட்டுக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். இன்னொரு பக்கம் பெரிய செம்பு அண்டாவில் அல்வா கிண்டினார்கள். "நம்ம ஊர் அல்வாட்ட இது நிக்குமாட்டி?" என்று சொல்லிக்கொண்டே அக்கா மூன்று தரம் வாங்கித் தின்றார்.

தோப்புக்குள் நுழைந்ததும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மலையடியிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த வாய்க்கால். ஃபலஜ் என்பார்கள். முழங்கால் ஆழம், அடிமண் தெரிகிற தெளிவு. நான் கும்பகோணம் பக்கத்து விவசாயி மகள். மஸ்கட் வந்த பிறகு ஓடுகிற தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்ததும் நெஞ்சே நிறைந்துவிட்டது.

எனக்குத் தாலிச் செயின் எல்லாம் கிடையாது, மஞ்சள் கயிறுதான். ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றுவது எங்கள் வழக்கம். முந்தின ஆடியில் குளியலறைக் குழாயடியில் மாற்ற மனசு வரவில்லை. கயிறு நைந்துகொண்டே வந்தது. புதுக் கயிறும் மஞ்சளும் ஹேண்ட்பேக்கிலேயே கிடந்தன. கயிறு மாற்ற உகந்த திங்கட்கிழமை, ஓடுகிற தண்ணீர், காவிரித்தாயே கூப்பிட்ட மாதிரி இருந்தது. கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று முதலில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் முடிந்து கட்டிக்கொண்டேன். பிறகு பழைய கயிற்றை அவிழ்த்து, தாலியையும் குண்டுகளையும் புதுக் கயிற்றில் கோக்கப் போனேன். கையெல்லாம் ஈர மஞ்சள். தாலி வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது.

மாரியம்மா என்று கத்திக்கொண்டு அப்படியே வாய்க்காலில் இறங்கித் துழாவினேன். சேறு கலங்கி ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை.

"ஏட்டி, கலக்காத. அப்படியே நில்லு" என்று அக்கா ஓடிவந்தார்.

அதற்குள் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் வந்துவிட்டார். வெள்ளை அங்கி, தலையில் துணி. தண்ணீரைக் கலக்கிவிட்டோம் என்று சத்தம் போட்டார். அந்தத் தோப்பில் ஒரு பகுதி அவருடையதாம். அக்கா தன் கழுத்திலிருந்த சிலுவைத் தாலியை வெளியே எடுத்துக் காட்டி, ஆஸ்பத்திரி அரபியில் விளக்கினார். பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"ஒன் மாப்பிள்ள உயிரோட இருக்காரான்னு கேக்காரு."

"அங்க ஆடு பாத்துக்கிட்டு நிக்கிறாருன்னு சொல்லுங்கக்கா" என்று சொல்லிவிட்டு இன்னும் பெரிதாக அழுதேன்.

பெரியவர் வெட்டவெளியில் நட்டிருந்த குச்சியின் நிழலை ஒரு தரம் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்க மடையை அடைத்திருந்த கல்லையும் சாக்கையும் இழுத்து, எங்கள் பக்கத்து வாய்க்கால் வாயில் வைத்து மிதித்தார். தண்ணீர் திரும்பி அடுத்த தோப்புக்குள் ஓடியது. நான் நின்ற இடத்தில் வற்ற ஆரம்பித்தது.

அக்கா மெதுவாகச் சொன்னார்: "நிழலப் பாத்துதான் இங்க மொற வப்பாங்களாம். இப்பத்தான் இவரு மொற ஆரம்பிச்சிருக்கு. அத அடுத்தவன் தோப்புக்கு விட்டுட்டாரு. இனி இவருக்கு அடுத்த வாரந்தானாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முறைத் தண்ணீர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அதற்காக மண்வெட்டியோடு வரப்பில் காவல் நிற்பார்கள். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தியதே ஒரு முறைத் தண்ணீரில்தான்.

"வேண்டாம்னு சொல்லுங்கக்கா. அவர் மரம் காஞ்சிடும்."

"சொல்லியாச்சு. மாஃபி முஷ்கில், ஒண்ணும் பிரச்சினை இல்லங்காரு. மரம் ஒரு வாரம் பொறுக்கும், இந்தப் பிள்ள பொறுக்காதுன்னுட்டாரு."

யாரோ சொல்லி என் வீட்டுக்காரரும் ஓடிவந்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, "அழாதம்மா, போனா புதுசா செஞ்சுக்கலாம்" என்றார்.

"தம்பி, மொதல்ல வாயக் கழுவும். குனிஞ்சு தேடும்" என்றார் அக்கா.

நாலு பேரும் சேற்றைக் கை கையாக அள்ளி அலசினோம். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கை கால் கழுவ வந்தவர்கள் வாய்க்கால் வற்றிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, மேலே போய்க் கழுவிக்கொண்டார்கள். பெரியவர் மட்டும் நிமிரவில்லை. அங்கியெல்லாம் சேறு.

கடைசியில் ஒரு பேரீச்சை வேருக்கு அடியில் அவர் கையில்தான் அது அகப்பட்டது. குட்டையில் அலசி, தலைத்துணியாலேயே துடைத்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். என்னிடம் தரவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் உள்ளங்கையில் வைத்து ஏதோ சொன்னார்.

"கட்டினவரு கையாலதான் குடுக்கணுமாம்" என்றார் அக்கா.

நான் கோத்துக் கொடுத்தேன். அந்தப் பேரீச்ச மரத்தடியில் என் வீட்டுக்காரர் இன்னொரு தரம் எனக்குத் தாலி கட்டினார். நிமிர்ந்து பார்த்தபோது பெரியவர் தொழுகைக்கு நடந்துகொண்டிருந்தார். நன்றி சொல்ல விடவில்லை. எங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை. அவர் முதுகைப் பார்த்துத்தான் கும்பிட்டேன்.

சந்தையில் அதற்கப்புறம் என்ன பார்த்தோம், என்ன வாங்கினோம் என்று ஒன்றும் நினைவில்லை. நாங்கள் ஊரோடு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. காவிரியில் தண்ணீர் வருமா வராதா என்று ஒவ்வொரு ஆடியிலும் கவலைதான். ஆற்றங்கரையில் விளக்கேற்றி எங்கள் வயலுக்குத் தண்ணீர் கேட்கும் அதே மூச்சில், பேர் தெரியாத அந்த மனிதரின் மரங்களுக்கும் கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் நான் கரையேறுகிறேன்.