மாமனாரின் புல்தரை

மதியம் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அந்தக் காகம் விழுந்தது. சமையலறைக் கடிகாரத்துக்குக் கீழே இருந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று அமாவாசை. கிள்ளானில் எங்கள் மூலை வீட்டின் புல்தரையில், இறந்துபோன மாமியாரின் நினைவாக, என் மாமனார் வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வடையும் வைத்துக் காகத்தை அழைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வழக்கமாக மதில்மேல்தான் வைப்போம். அந்த வாரம் மதிலுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார். பருப்புக் கறை படியும் என்று இலையைப் புல்லில் வைத்துவிட்டார். காகம் வந்தது, சோற்றைக் கொத்தியது, பிறகு இலையைவிட்டு இறங்கிப் புல்லுக்குள் எதையோ பொறுக்கித் தின்றபடி நடந்தது. சற்று நேரத்தில் அதன் சிறகுகள் தொங்கின. குடித்தவன்போல் ஓரடி தள்ளாடி, பக்கவாட்டில் சாய்ந்து, கால்களைச் சுருட்டிக்கொண்டது.

என் மாமனார் ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலக நாற்காலியில் ஆயுளைக் கழித்தவர். பூச்சிமருந்துத் தொட்டியை அவர் ஒரு நாளும் முதுகில் சுமந்ததில்லை. சுமந்தவர்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த கூலிப் பெண்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு காலை முழுவதும் மருந்து அடித்துவிட்டு, கண் எரிகிறது, தலை சுற்றுகிறது என்று அவர்கள் வந்து நின்றால், "சோம்பேறிக் கழுதைங்க, வேலைக்குப் போக வலிக்குது" என்று விரட்டியதை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார். அவர் வாழ்க்கையில் மரியாதை வைத்திருந்த ஒரே பொருள் துரை பங்களாவின் புல்தரை. அதன்மேல் கால் வைக்க அவருக்கு அனுமதி இருந்ததில்லை. ஓய்வு பெற்று எங்களோடு வந்து தங்கியதும், வீட்டை ஒட்டிக் கிடந்த கொஞ்ச நிலத்தில் அதையே உண்டாக்கத் தொடங்கினார். என் கறிவேப்பிலை போயிற்று, செம்பருத்தியில் பாதி போயிற்று. துரை வெள்ளை நாற்காலி போட்டு உட்கார்வாராம். இவரும் ஒன்று வாங்கிப் போட்டு, கிள்ளான் வெயிலில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். பார்க்கச் சகிக்காது.

புல்லில் அங்கங்கே சொட்டை விழ ஆரம்பித்தது. மண்ணுக்குள் வெள்ளைப் புழு என்றார். அந்தப் புழுவைத் தின்னத்தான் மைனாக்கள் காலையிலேயே கூட்டமாக வந்தன. மெர்போக் புறாக்கள் விதை பொறுக்க வந்தன. ஐந்து வயது மகள் அவற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். ஒற்றைக்கால் மைனா ஒன்றுக்கு 'டீச்சர்' என்று பெயர். நான் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்ததால் எனக்குச் செய்த மரியாதை அது. புழுவைப் பறவைகளிடம் விட்டிருந்தால் போதும். ஆனால் கிராணிக்கு ஸ்டோர் இருக்கும்போது மைனா எதற்கு? பழைய தோட்டத்துக்குப் பேருந்தில் போய், தனக்குக் கீழே வேலை செய்த ஸ்டோர்க்காரரிடம் குருணை மருந்து வாங்கி வந்தார். கருநீல நிறத்தில், கசகசாவைவிடச் சற்றுப் பெரிய குருணைகள். பெயர் அச்சடித்த மூட்டை தோட்டத்து ஸ்டோரிலேயே இருக்க, எங்கள் வீட்டுக்கு வந்தது பழைய பால் மாவு டின். தோட்டங்களில் அது சாதாரண வழக்கம். உப்பும் டின்னில் வரும், விஷமும் டின்னில் வரும்.

பள்ளி விடுமுறையில் வந்த அந்த அமாவாசைக் காலையில் அதைக் கைநிறைய அள்ளி அவர் தூவிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "மாமா, பிள்ளை விளையாடற இடம். மைனா, புறா எல்லாம் வருது. இது பயமில்லையா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏம்மா, துரை பங்களாவுல போட்டது இது. துரை செத்தாரா? துரை நாய் செத்துச்சா? படிச்ச பொண்ணு, இப்படிப் பேசறியே."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னேன். "அப்பாவுக்குத் தெரியாததா?" என்றார். துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகச் சரக்கைத் திறந்து சோதிப்பது அவர் வேலை. வீட்டுக்குள் வந்த ஒரு டின்னைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நானே மகளைக் கூடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். படையல் எடுத்துப்போகத் தாத்தா திறந்த கதவு வழியாக அவள் வெளியே போனாள்.

காகம் விழுந்ததும் நான் ஓடினேன். செம்பருத்தி அடியில் ஏற்கெனவே இரண்டு மைனாக்கள் கிடந்தன. மாமனார் முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு நொடி, மனிதனுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். "அமாவாசையில, சோறு தின்ன காக்கா செத்துப்போச்சே, தோஷமாச்சே" என்று முணுமுணுத்தபடி, வெளிக்குழாய்க்குப் போய் வேட்டியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். தன் கையால் தூவியது அவருக்கு நினைவே வரவில்லை. மகள் மதிலோரம் குந்தியிருந்தாள். முன்னால் சிரட்டை, அதில் தண்ணீரும் நீலக் குருணையும் குழைத்த 'குழம்பு'. ஒரு கையில் நான் கொடுத்திருந்த பாயசக் கிண்ணம். குழம்பு குழைத்த விரலாலேயே வழித்துத் தின்றிருந்தாள்.

கையைக் கழுவி, வாயைத் துடைத்து, உள்ளே தூக்கிவந்தேன். கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. பிறகு வாந்தி. உடம்பெல்லாம் வியர்த்து, "அம்மா, கண்ணு மங்கலா இருக்கு" என்றாள். அடுத்த வீட்டுச் சீன ஆன்டி என் குரல் கேட்டு வந்து, ஒரு முறை பிள்ளையைப் பார்த்தார். கேள்வியே கேட்கவில்லை. வீட்டுச் செருப்போடு காரை எடுத்து வந்து, "சிப்பாட் லா, மாசோக்!" என்று, சீக்கிரம் ஏறச் சொல்லி மலாயில் கத்தி, எங்களை உள்ளே தள்ளினார். மாமனார் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் ஒரு இளம் தமிழ் டாக்டர். "என்ன சாப்பிட்டா? டின் இருக்கா? பேரு தெரியணும்க்கா, பேரு" என்றார். அலுவலகத் தொலைபேசியில் வீட்டுக்கு அழைத்தேன்.

"அது உரம்மா," என்றார் மாமனார். "வெறும் உரம்."

"மாமா, டின்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

"பால் மாவுன்னு எழுதியிருக்கு."

ஸ்டோர்க்காரரைக் கேளுங்கள், தோட்டத்துக்கு போன் போடுங்கள் என்று கெஞ்சினேன். "ஓசியில குடுத்தவன் பேரை எதுக்கு இழுக்கணும்? சின்னப் பிள்ளைக்கு வாந்தி வரும், போகும். ஓமத்தண்ணி குடு" என்று வைத்துவிட்டார். புருஷனின் தகப்பன் என்பதால் அந்தக் குரலுக்கு நான் அதுவரை எழுந்து நின்றே பதில் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தத் தொலைபேசியைக் கீழே வைத்தபோது என்னுள் விழுந்த மரியாதை பிறகு எழுந்திருக்கவே இல்லை.

திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னேன்: "வீட்டுல உரம்னு சொல்றாங்க. ஆனா அந்தப் புல்லுல காக்கா செத்துச்சு. மைனாவும் செத்துச்சு."

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "தின்னு எவ்வளவு நேரத்துல?"

"நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே."

மகளின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்தது. "உரத்துல காக்கா சாகாதுக்கா," என்றார். தாதியிடம் வேகமாக ஏதோ சொன்னார். ஊசி வந்தது, மறுபடி ஒன்று வந்தது. அந்தி சாயும் முன்பு மகளின் மூச்சு சீரானது, எச்சில் நின்றது. பிழைத்துவிடுவாள் என்றார் டாக்டர். பெரிய பதவியில் இருந்த ஒரு மனிதர் வாய்கூசாமல் பொய் சொன்ன நாளில், உண்மையைச் சொன்னவை புல்லில் கிடந்த பறவைகள் மட்டுமே.

இப்போது நாங்கள் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறோம். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்கிறாள். எதிர்வீட்டுக்காரர் புல்தரையைப் பராமரிக்கக் குத்தகைக்கு ஆள் வைத்திருக்கிறார். சீருடை போட்ட இளைஞன், வேனில் தொட்டி, கையில் வழவழப்பான தாள். தாளில் பச்சைப் புல்மேல் ஒரு குருவிப் படம். அந்தக் குருவிக்கு எவ்வளவு கொடுத்தார்களோ தெரியவில்லை. "ஆன்டி, இது சேஃப் ஆன்டி. பறவைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது லா" என்றான் போன மாதம். எந்த மருந்து, எவ்வளவு, ஈரம் காய எத்தனை நேரம், குருணையா தெளிப்பா என்று கேட்டேன். "பாஸுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தான். எல்லா மருந்தும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். சிலவற்றைக் கவனமாகப் போட்டால் பறவைக்குப் பெரிய கேடு வராது. சிலவற்றை, இரை செரிக்க விழுங்கும் சிறு கல் என்று நினைத்துக் குருவி விழுங்கினால் அதோடு முடிந்தது. கேட்டால் பெயர் சொல்கிறவனை நம்பலாம். பெயரே தெரியாமல் 'பயமில்லை' என்கிறவன் சீருடையில் இருந்தாலும், வேட்டியில் இருந்தாலும், எனக்கு ஒரே ஆள்தான். வேன் வரும் நாளில் ஜன்னல்களைச் சாத்துகிறேன். துணிகளை உள்ளே எடுக்கிறேன். மகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். அவள் மூச்சை எண்ணிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள் அவள் இல்லை.

அந்த அமாவாசை மாலை கணவர் துறைமுகத்திலிருந்து நேராக வார்டுக்கு வந்தார். மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்தவர், "அப்பா சாப்பிட்டாரா?" என்று என்னிடம் கேட்டார். நான் மகளின் போர்வையைச் சரிசெய்தேன். மாமனார் அன்று வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. தோட்டத்துக்குப் போயிருப்பார், மருந்தின் பெயரைக் கேட்டு வருவார், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று, அவ்வளவு நடந்த பிறகும், வார்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலைப் பார்வை நேரத்தில் வந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கட்டிலின் கால்மாட்டில் நின்று, தூங்கிக்கொண்டிருந்த பேத்தியை ஒரு முறை பார்த்தார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார்:

"கோயில்ல ஐயரைப் பாத்து விசாரிச்சுட்டு வந்துட்டேம்மா. காக்கா செத்ததுக்குப் பரிகாரம் இருக்காம். நீ பயப்படாதே."