அந்தப் பக்கம் ஆள் இருந்தால்தான் இறங்கும்

பிரவுசிங் சென்டர் வச்சிருக்கிறவங்களுக்கு உண்மையான வேலை ஒண்ணே ஒண்ணுதானுங்க: வராத ஒண்ணை "வந்துட்டே இருக்குது"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு பைலை இறக்கப் போட்டுட்டு, அந்த நீலக் கோடு நகருமா நகருமான்னு பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போனவங்க உங்கள்லயும் இருப்பீங்க. உங்களுக்குத்தான் இதை எழுதறேன். மத்தவங்களுக்குச் சொன்னாலும் புரியாது.

குன்னூர்ல ஒரு பேக்கரிக்கு மேல, மாடியில, மூணு கம்ப்யூட்டர் வச்சுக் கடை நடத்தினேன். தேயிலை விலை பாதாளத்துல கிடந்த வருஷங்கள் அது. எங்க ஊட்டுக்காரர் டீத்தூள் பக்குவம் பார்க்கிற டீ மேக்கரா இருந்த பேக்டரியை மூடிட்டாங்க. அவர் ஊட்டுல உட்கார்ந்தார், நான் கடையில உட்கார்ந்தேன். கீழே இருந்து ரொட்டி வேகுற வாசனை ஏறி வரும். ஜன்னல் வழியா மேகம் உள்ளே வந்து கீபோர்டு மேல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போகும். அந்த ரெண்டுக்கும் நடுவுல கோட்டையே பார்த்துட்டு இருந்தா, முழிச்சிருக்கிறோமா தூங்குறோமான்னு நமக்கே சந்தேகம் வந்துடும்.

கேட் வரைக்கும் போன மூட்டை

பெள்ளி அண்ணனுக்கு முக்கால் ஏக்கர் தேயிலைத் தோட்டம். கொழுந்தைப் பேக்டரிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகலைன்னு, ஊட்டிலேயே கையால உருட்டி டீ பண்ணக் கத்துக்கிறேன்னு கிளம்பினார். வெளிநாட்டுல ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடிச்சு, யார் வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு இன்டர்நெட்ல போட்டிருந்தான். நேரடியா இறக்கினேன். காலையில போட்டது, சாயங்காலம் தொண்ணூத்தெட்டு சதவீதம் வந்துச்சு. மேகம் கொஞ்சம் கனமா இறங்கினா எங்க ஊர் லைனுக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும். பொட்டுன்னு அறுந்துச்சு.

மறுபடி போட்டா சைபர்ல இருந்து ஆரம்பிக்குது! மூணு நாள், மூணு தடவை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மானிட்டரைத் தூக்கிக் கீழே பேக்கரி அடுப்புல போட்டிருப்பேன். பெள்ளி அண்ணன் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கிட்டு நிதானமா சொன்னார்: "பேக்டரிக்காரன்கூட, கொழுந்துல தண்ணி இருக்குன்னு கொஞ்சம் கழிச்சுட்டு மிச்சத்தை எடுத்துக்குவான். உன் மெஷின் கேட் வரைக்கும் வந்த மூட்டையை முழுசாத் திருப்பி அனுப்புதே அம்மா!"

குறையாத கொழுந்து

அப்புறம்தான் டோரன்ட் கத்துக்கிட்டேன். நேரடியா இறக்கறதுன்னா, எங்கேயோ ஒரு குடோன்ல சரக்கு இருக்கும், அதுக்கு வாசல் ஒண்ணுதான். டோரன்ட்ல குடோனே கிடையாது. அதே படத்தை வச்சிருக்கிற நாலு பேர் ஆளுக்கொரு துண்டா நமக்குக் கொடுப்பாங்க. நம்மகிட்ட வந்து சேர்ந்த துண்டை மத்தவங்களும் எடுத்துக்குவாங்க, எவ்வளவு வெளியே போகுதுன்னு திரையிலேயே ஓடும். லைன் அறுந்தாலும் நின்ன இடத்துல இருந்து தொடரும். ஒரே ஒரு சிக்கல், அந்தப் பக்கம் யாராச்சும் கம்ப்யூட்டரைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருக்கணும்.

பெள்ளி அண்ணன் படத்தை அதுல போட்டுட்டு, பன் வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்து பார்த்தா கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிக் கையில சுத்தி வச்சுட்டு நிக்கிறார் மனுஷன். "நம்ம சரக்கு வெளியே போய்ட்டே இருக்கும்மா! எடை போடலை, ரசீதுச் சிட்டு கொடுக்கலை, எவன் எடுத்துட்டுப் போறான்னும் தெரியலை!"ன்னு ஒரே சத்தம். எடை போடாம ஒரு கூடைக் கொழுந்துகூடத் தோட்டத்தை விட்டுப் போக விடாதவர் அவர். எத்தனை பேர் எடுத்தாலும் நம்மகிட்ட இருக்கிறது அப்படியேதான் இருக்கும்னு அரை மணி நேரம் சொன்னேன். கடைசியில ஒயரைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கேட்டார்: "எடுக்க எடுக்கக் குறையாத கொழுந்தா? அந்த நாத்து எங்க விக்கறாங்கன்னு அதுலயே தேடிச் சொல்லு."

ஏழு நாள் கெடு

முத்தையா அண்ணன் எஸ்டேட் பம்ப் ஹவுஸ்ல வேலை பார்த்தவர். இலங்கைத் தோட்டத்துல பிறந்து, இந்தியாக்காரங்கன்னு தோட்டத்து ஜனங்களைத் திருப்பி அனுப்பினப்போ, இருபது வயசுல கப்பல் ஏறி இங்கே வந்தவர். அவர் அக்கா புருஷனுக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைச்சதால, அக்கா அங்கேயே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்லை. இப்போ இங்கே எஸ்டேட்டும் படுத்துடுச்சு. மாசக் கடைசியில எஸ்டேட்ல கொடுத்த லயத்து ஊட்டைக் காலி பண்ணிட்டு, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகணும். அங்கே ஷிப்ட்ல மாட்டினா எங்கே நேரம்? போறதுக்குள்ள அக்கா முகத்தைப் பார்த்துடணும், அது ஒண்ணுதான் அவருக்கு.

அக்கா பையன் சிவாவுக்கு இலங்கையில ஹட்டன்ல எங்களை மாதிரியே ஒரு கம்ப்யூட்டர் கடை. அம்மாவை உட்கார வச்சுப் பேச விட்டு, வீடியோ எடுத்து, ஒரு வெப்சைட்ல போட்டான். அது ஏழு நாள்தான் வச்சிருப்பாங்களாம். ஏழு நாளும் எங்க ஊர்ல மேகம். தினமும் பாதி வரும், அறுந்துடும், சைபர். எட்டாவது நாள் திறந்தா, அப்படி ஒரு பைலே இல்லைன்னு வருது. முத்தையா அண்ணன் திரையைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "எங்க அக்காவுக்கு ஏழு நாள்தான் கெடுவாம்மா?"

மூஞ்சியா, காலா?

அவரை அப்படியே அனுப்ப எனக்கு மனசு வரலை. சிவாவுக்கு மெயில் போட்டு, டோரன்ட்டுக்கு ஏற்பாடு பண்ணினேன். அவன் கடையில இருந்து நேரா என் கடைக்கு, நடுவுல குடோன் இல்லை. ரெண்டு கடையும் ஒரே நேரத்துல திறந்திருக்கணும். தினமும் மதியம் மூணுல இருந்து அஞ்சு மணி வரைக்கும்னு பேச்சு.

மொத நாளே சிவா சாட்ல டைப் பண்ணினான்: "அம்மாவும் வந்து உட்கார்ந்திருக்காங்க." நான் அதைப் படிச்சுக் காட்டினேன். முத்தையா அண்ணன் சட்டுன்னு எந்திரிச்சு நின்னுட்டார். குரல்ல பேச அந்த லைனுக்குத் தெம்பு கிடையாது. போன்ல பேசினாலோ, ரெண்டு பேரும் அழுது முடிக்கிறதுக்குள்ள கார்டு தீர்ந்துடுமாம். அதனால அக்கா அங்கே கோட்டைப் பார்த்துட்டு இருக்கும், தம்பி இங்கே கோட்டைப் பார்த்துட்டு இருப்பார். ஜன்னல்ல மேகம் வந்து போகும். ரெண்டு மணி நேரம் எப்படிப் போகும்னே தெரியாது.

மறுநாள்ல இருந்து குளிச்சு, தேய்ச்ச சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சுட்டு வந்தார். "ஏனுங்ண்ணா, பொண்ணு பார்க்கவா போறீங்க?"ன்னு கிண்டல் பண்ணினேன். வெட்கப்பட்டார். வீடியோ வரிசையா வராது, நடுவுல ஒரு துண்டு, கடைசியில ஒரு துண்டுன்னு அங்கங்கே நிரம்பும்னு அவருக்குச் சொல்லி வச்சிருந்தேன். கிளம்பும்போது தினமும் அதே கேள்விதான்: "இன்னைக்கு வந்தது அக்கா மூஞ்சிங்களா, காலுங்களா?"

நூறு

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது கோடு முழுசா நிரம்பிடுச்சு. நான் கையைத் தட்டிட்டேன். வீடியோவைப் போட்டேன். லயத்து வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில அக்கா. தலை முழுக்க வெள்ளை. நேரா நம்மளைப் பார்த்துச்சு. அப்புறம், "தம்பி, சாப்பிட்டியா?"ன்னு கேட்டுச்சு. "சாப்பிட்டேங்க்கா"ன்னு இவர் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்றார். நான் பன்னை வாயில வச்சுட்டு அழுதேன், மறைக்க என்ன இருக்கு?

பார்த்து முடிச்சதும் ஒரு சிடியில போட்டு அவர் கையில கொடுத்தேன். அதே நேரம் அந்தப் பக்கம் இருந்து சிவா டைப் பண்ணினான்: "அம்மா கேக்குறாங்க, நாளைக்கும் மூணு மணிதானே?" அதையும் படிச்சுக் காட்டினேன். இறக்கறதுக்கு இனி ஒண்ணும் பாக்கி இல்லையே! முத்தையா அண்ணன் சிடியைச் சட்டைப் பையில வச்சார், நிரம்பி நிக்கிற கோட்டைப் பார்த்தார், மெதுவாக் கேட்டார்: "இதை மறுபடி சைபர்ல இருந்து போட முடியாதுங்களாம்மா? இன்னும் நாலு நாள் இருக்குல்ல."

கம்ப்யூட்டர்ல இருந்த வீடியோவை அழிச்சுட்டு நானே திரும்ப ஆரம்பிச்சு வச்சேன். கடை நடத்தின அத்தனை வருஷத்துல, கோடு சைபருக்குப் போனதைப் பார்த்து ஒரு கஸ்டமர் சிரிச்சது அந்த ஒரு தடவைதானுங்க.