அப்பா தேர்ந்தெடுத்த சலவை இயந்திரம்

எங்கள் பள்ளிச் சீருடைகளில் எப்போதும் விறகுப் புகை மணக்கும். நண்பகல் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிடும் மலேசியாவின் கேமரன் மலையில், கொடியில் போட்ட துணி பாதி ஈரத்தோடு நின்றுவிடும். மீதி ஈரத்தை அடுப்புக்கு மேலே கட்டிய கம்பிதான் போக்கும். தானா ராத்தா நகர இடைநிலைப்பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள் என்று சொல்லிவிடலாம்.

இந்த ஈரத்தின் காரணமாக எங்கள் வீட்டில் வெயில் ஒரு கெட்ட செய்தியாக இருந்தது. காலையில் வானம் வெளுத்திருந்தால் மல்லிகா அக்கா பள்ளிக்குப் போகமாட்டாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். கொழுந்துச் சாறும் செம்மண்ணும் ஏறிய துணிகளைப் பனி இறங்குவதற்குள் துவைத்துக் காயப்போட வேறு ஆள் கிடையாது. முன்பெல்லாம் அம்மா விடியுமுன் எழுந்து அந்த வேலையை முடித்துவிடுவார். ஆனால் வருடக்கணக்காகக் குளிர்ந்த நீரிலும் சவர்க்காரத்திலும் ஊறிய அவருடைய விரலிடுக்குகள் வெடித்துப் புண்ணாகி, கொழுந்து கிள்ளவே சிரமப்பட்டபோது, தோட்டத்து ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளரான ‘டிரசர்’ சவர்க்காரத் தண்ணீரில் கைவைக்கவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். அக்கா அப்போது இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் படிவத்தில், ஒன்பதாம் வகுப்பில், இருந்தாள். அந்த ஆண்டின் இறுதியில் அரசாங்கத் தேர்வு. அவள் வராத நாள்கள் கூடிக்கொண்டே போவதாகப் பள்ளியிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

“இந்த வருசத்தோட நிப்பாட்டிக்கலாம்” என்று ஒரு மாலை அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதில் கோபமோ வருத்தமோ இல்லை. வேறு வழி தோன்றாத ஒருவரின் களைப்பு மட்டுமே இருந்தது. அக்கா நின்றுவிட்டால் அடுத்து நான் என்பதை யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், அந்த ஆண்டுதான், எங்கள் லயத்துக்கு நாள் முழுவதும் மின்சாரம் வந்தது. அதே சமயத்தில் அம்மா போட்டுவந்த ‘கூட்டு’ச் சீட்டும் விழ, துணி துவைக்கும் மெஷின் வாங்குவது என்று முடிவானது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். ஆகவே மெஷின் என்று பெயர் வந்த எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை இயல்பாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தது.

தானா ராத்தா கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. இரண்டிலும் துவைப்பதற்கு ஒரு தொட்டி, பிழிவதற்கு ஒரு தொட்டி. ஒன்றுக்குப் பிளாஸ்டிக் உடம்பு, மற்றதற்கு இரும்பு. கடைக்காரச் சீனர் பிளாஸ்டிக் மெஷினைத் தனி ஆளாகத் தூக்கி, திருப்பி, அடிப்பக்கத்தைக் காட்டினார். “ரிங்கான் லா அண்ணே, லேசு. காராட் வராது, துருவே புடிக்காது” என்றார்.

அவர் அதைத் தூக்கிய நொடியிலேயே அப்பா அதை மனத்திலிருந்து தள்ளிவிட்டார். “ஒரு ஆளு தூக்குற மெஷினு எத்தன நாளைக்கு லா நிக்கும்?” என்று கேட்டுவிட்டு, இரும்பு மெஷினிடம் போய்த் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். அது அசையவில்லை. அப்பாவின் முகம் மலர்ந்தது. அவர் ஓட்டிய உருட்டு இயந்திரம் அவரைவிட மூத்தது. வெள்ளைக்கார துரை காலத்தில் கப்பலில் வந்து, இன்னும் ஒரு பல்சக்கரம்கூடத் தேயாமல் ஓடிக்கொண்டிருப்பது. நீடித்து உழைப்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே அடையாளம் எடை.

“தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதுங்களா?” என்று அம்மா கேட்டார்.

“தண்ணியிலயே வேல செய்யுற மெஷினுக்குத் தண்ணி பட்டா என்னாடி ஆவும்?”

அண்ணன் மெஷினை வாங்கவில்லை, எடையை வாங்குகிறார் போல என்று சொல்லிச் சீனர் சிரித்தார், அப்பாவும் சிரித்தார்.

அப்பா கணக்கில் எடுத்துக்கொள்ளத் தவறிய ஒன்று உண்டு. தொழிற்சாலைக்குள் இலையை உலர்த்தும் அடுப்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். மலையிலேயே ஈரம் நுழையாத இடம் அதுதான். அந்த வெப்பத்தில் நாற்பது வயதான இரும்பு துருவில்லாமல் இருந்ததைக் கண்டு, இரும்பின் குணமே அது என்று நினைத்துவிட்டார். எங்கள் மெஷினோ வீட்டின் பின்புறம் குழாயடியில், தகரச் சாய்ப்பின் கீழ், பனி வந்து படுத்துக்கொள்ளும் இடத்தில் நின்றது. சில மாதங்கள் எல்லாம் நன்றாக நடந்தன. மாலையில் பள்ளியிலிருந்து வந்து துணியைப் போட்டு, பிழிந்து எடுத்து அடுப்புக்கு மேலே விரித்துவிடலாம் என்பதால், வெயிலடிக்கும் நாளிலும் அக்கா பேருந்து ஏறினாள். பிறகு மழைக்காலம் வந்தது. அடித்தகட்டில் முதலில் செம்புள்ளிகள், பிறகு பொருக்கு, பிறகு ஓட்டை. ஒரு மாலை மூடியைத் திறக்கப் போன அக்கா அலறிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள். துருப்பிடித்த விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிட, மெஷினின் உடம்பு முழுவதும் மின்சாரம் பாய்ந்திருந்தது.

அன்று அப்பா சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை எட்டிப் பார்த்து, “ரோசாக்கா போச்சா, கெட்டுப்போச்சா? அதான் இரும்பு இரும்புன்னு குதிச்சாரு எங்கண்ணன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வீட்டில் பிளாஸ்டிக் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பழையபடி அக்காதான் கையால் துவைக்கவேண்டும் என்பது பேசாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பா துருப்பிடித்த தகட்டை அறுத்தெடுத்தார். பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளால் பீடம் செய்தார். தொழிற்சாலை மின்பணியாளரை அழைத்துவந்து புதுக் கம்பி மாற்றி, மின்கசிவு மண்ணில் இறங்க ஒரு கம்பியையும் புதைக்கச் செய்தார். மெஷினை அடுப்பங்கரைக்குள், அனல் படும் சுவரோரம் நகர்த்தினார். எல்லாம் முடிந்ததும் எங்களை வரிசையாக நிற்கவைத்து, “இனிமே இத யாரும் தொடக்கூடாது” என்றார். அம்மாவைப் பார்த்து, “நீயும்தான்.”

“பின்ன யாரு தொவைக்கிறதாம்?”

“நானு.”

எங்கள் லயத்தில் ஆண்கள் விறகு பிளப்பார்கள், கூரை வேய்வார்கள். பெண்களின் துணியைத் தொடமாட்டார்கள். கேலிக்கு முன்பே அம்மாவின் எதிர்ப்பு வந்தது. “வயசுக்கு வந்த புள்ள துணிய அப்பன் தொவைக்கிறதா, ஊரு சிரிக்கும்” என்று தன்னுடையதையும் அக்காவுடையதையும் தனியே ஒளித்துவைத்துக் கையாலேயே துவைத்துக்கொண்டார். விரல்கள் மறுபடி வெடிக்கவே டிரசரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தார். அதன்பின் தங்கள் துணிகளைத் தலையணை உறைக்குள் திணித்து, வாயைக் கட்டி, தானே தொட்டிக்குள் போட்டு, தானே எடுப்பது என்ற உடன்பாட்டுக்கு இறங்கிவந்தார்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் தொழிற்சாலைத் தொப்பியைக் கழற்றாமலே வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுவார்; மோட்டாரின் சத்தத்தைத் தலைசாய்த்துக் கேட்பார். “என்னா மாமா, இன்னிக்கு எத்தன சேலை?” என்று லயத்து இளைஞர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். அப்பா அவர்களைத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொல்வார்: “நான் துணி தொவைக்கலடா. மெஷினு ஓட்டுறேன்.”

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர் ஆண்டுக்கணக்காகத் துவைத்தார். அக்கா தேர்வில் தேறினாள், மேலே படித்தாள், ஈப்போவில் ஆஸ்பத்திரித் தாதியானாள். அவள் பின்னாலேயே நானும் பல்கலைக்கழகம்வரை போனேன்.

இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அஞ்சலை அத்தை வீட்டு மெஷின் ஒருநாளும் பழுதாகவில்லை, துருவும் பிடிக்கவில்லை. அது யார் கைக்கும் அடங்கியதால் அவர் மகள் கைக்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டாள். அவள் நின்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பாவும் அன்று நல்ல மெஷினைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதன் முன்னால் நின்றிருப்பவள் அக்காதான் என்பதையும் என்னால் மறுக்க முடிவதில்லை.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. லயத்தின் எங்கள் வரிசையை இடித்துவிட்டார்கள். மீதியில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்குகிறார்கள். எங்களோடு வளர்ந்தவர்கள் ரிங்லெட்டுக்கும் ஈப்போவுக்கும் சிதறிப்போனார்கள். அண்மையில் என் வீட்டுக்குப் புது மெஷின் வாங்க அக்காவுடன் ஈப்போவில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். விற்பனையாளர் ஒரு தமிழ் இளைஞர். மெஷினின் ஆயுளைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, “ஒரே பட்டன்தான் மேடம், சின்னப் பொண்ணுகூடப் போட்டுரலாம்” என்றார்.

அக்கா அந்தப் பட்டனை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “ஆம்பளைங்க போடலாமா, தம்பி?”

அவள் வேடிக்கை பேசுவதாக நினைத்து இளைஞர் சிரித்தார். அக்கா பதிலுக்காகக் காத்திருந்தாள்.