மாப்பிள்ளைக்கு கோல்ட் ஃபீட்

மகள் பரீட்சைக்கு ஆங்கில மரபுத்தொடர்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். “கோல்ட் ஃபீட்னா கடைசி நேரத்துல பயந்து பின்வாங்குறது.” அதைக் கேட்டதும் எங்கள் பாகூர் வீட்டின் சூடான கற்பூர எண்ணெய் வாசனை எனக்குள் எழுந்தது.

அக்காவின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் அண்ணன் போன் செய்தார். நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு, “தம்பிக்கு கோல்ட் ஃபீட்டுங்க” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அம்மா என்னிடம் அர்த்தம் கேட்டாள். அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த நான், “அவருக்குக் கால் சில்லுன்னு இருக்குதாம், அம்மா” என்றேன்.

அம்மா உடனே தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சினாள். அதைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வில்லியனூருக்குப் பஸ் ஏறினாள்.

எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார். அம்மா வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

“இன்னா தம்பி, இதுக்குப்போய் கவலப்படுவாங்களா? சூடா தேச்சிக்கினா சரியாப் பூடும்.”

அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரிங்க அத்த” என்றார். குறித்த நாளில் கல்யாணம் நடந்தது.

இன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சிரித்தார்.

“எண்ணெயத் தூக்கிக்கினு அவ்ளோ தூரம் வந்தாங்க. அப்புறம் நான் எப்படிம்மா ஓடுறது?”