அண்ணியைத் தேடி வந்த பூச்சிகள்

எங்க அண்ணிக்கு ஆய்வுக்கூடத்துல அந்துப்பூச்சிப் பொறி செய்யுற வேலை. பெண் பூச்சியோட வாசனைய எண்ணெயா தயாரிச்சு வச்சிருப்பாங்க. அதுல ஒரு சொட்ட ரப்பர் மூடியில விட்டு, பசை தடவின அட்டைக்குள்ள வைக்கணும். தோட்டத்து ஆண் பூச்சியெல்லாம் ஜோடி இருக்குன்னு நம்பி வந்து, ஒட்டிக்கிட்டுச் சாகும். "ஆம்பளைங்க புத்தி எங்கயும் ஒண்ணுதான்"னு நான் சொன்னா அண்ணன் முறைப்பான்.

அவ்வளவு தூரத்துல இருந்து எப்படி மோப்பம் பிடிக்குதுன்னு ஒருநாள் கேட்டேன். பூச்சியோட உணர்கொம்புல பொடிப்பொடி மயிர், அதுக்குள்ள தண்ணி மாதிரி ஒரு திரவமாம். வாசனையோ எண்ணெய்ப்பசை, தண்ணியில கரையாது. அதனால உள்ள இருக்குற ஒரு புரதம் அத மடியில வாங்கிக் கொண்டுபோய் நரம்பு வாசல்ல இறக்கி விடுமாம்.

"வேற வாசனைய ஏத்தாதா?"

"லேசுல ஏத்தாது. தன் பிள்ளையத்தான் தூக்கும்"னு சிரிச்சாங்க அண்ணி.

கையுறை கிழிஞ்சா அந்த நிமிஷமே கையக் கழுவணும்னு அங்க சட்டம். ஒருநாள் கிழிஞ்சதப் பாத்தும் அண்ணி, தட்டுல மிச்சமிருந்த மூடிகள முடிச்சுட்டுக் கழுவலாம்னு இருந்துட்டாங்க. வேலையில அப்படி ஒரு வெறி. எண்ணெய் தோலுக்குள்ள இறங்கிடுச்சு. நமக்கு ஒண்ணும் தெரியல, பூச்சிக்குத் தெரிஞ்சுது.

சாயங்காலமானா வீட்டு ஜன்னலெல்லாம் பூச்சி. "அண்ணி, உங்களுக்கு நல்ல மவுசு"ன்னு கேலி பண்ணினேன். அண்ணியோட கைக்குழந்தைக்கு மூச்சு இழுப்பு வந்ததும் கேலி நின்னுபோச்சு. இறக்கையில இருந்து உதிர்ற தூள் பிள்ளைக்கு ஆகல, இன்னொரு தடவ இப்படி வந்தா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்.

அண்ணி துணியெல்லாம் எரிச்சாங்க. தலைய மழிச்சாங்க. தோல் உரியுற வரைக்கும் தேய்ச்சுக் குளிச்சாங்க. ஜன்னலச் சாத்தினா கதவு இடுக்குல வரும். எங்க ஊர்ல பூச்சி பறக்காத மாசமே இல்ல. கடைசில பால்குடி மறக்காத பிள்ளைய என் கையில குடுத்துட்டு, ஊரோட அந்தக் கோடியில ஒரு அறை எடுத்துப் போயிட்டாங்க. எட்டிப் பாக்க வந்தாலும் தெருவுக்கு அந்தப் பக்கம்தான் நிப்பாங்க, தலையச் சுத்திப் பூச்சியோட.

தினமும் ஃபோன்ல முகம் பாத்துப் பேசுவாங்க. பேச்சு வந்ததும் பிள்ளை அவங்கள 'ஃபோன் அம்மா'ன்னான், என்னை அம்மான்னான். அத்தைன்னு கூப்பிடச் சொல்லி கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன், கேக்கல.

வருஷக்கணக்காச்சு. போன மாசம் அண்ணி ஃபோன் பண்ணினாங்க. "ஜன்னலத் திறந்து வச்சே உக்காந்திருக்கேன், ஒண்ணுகூட வரல"ன்னு அழுதாங்க. நானும் அழுதேன். மறுநாளே வந்துட்டாங்க.

பிள்ளைய மடியில தூக்கி வச்சாங்க. அவன் கொஞ்ச நேரம் மரியாதைக்கு இருந்தான். அப்புறம் கழுத்துப் பக்கம் மோந்து பாத்தான், நெளிஞ்சான், வழுக்கி இறங்கினான். ஓடி வந்து என் தோள்ல மூக்கப் புதைச்சுக்கிட்டான். பிரிச்செடுக்கப் பாத்தேன், விடல. எனக்குச் செத்துடலாம் போல இருந்துச்சு.

அண்ணி எழுந்துபோய் ஜன்னலத் திறந்து வச்சு, வெளிய பாத்துக்கிட்டே நின்னாங்க.

"இப்ப என்கிட்ட யாருமே வரலம்மா"ன்னாங்க.